மூன்றாவது ரீ

மாங்குளத்துக்கு வடக்கே
'பாதுகாப்பற்ற கடவை' என்று பலகை நட்ட இடத்தில்
இப்போது நான்தான் பாதுகாப்பு.
ஒரு மூங்கில் தடி, ஒரு ரோச் லைற், இரண்டு கொடி,
ஒரு கொப்பி.
கொப்பியின் முன்பக்கத்தில் றெயில் நேரங்கள்.
பின்பக்கத்திலிருந்து நோர்வே.

பேர்கனிலிருந்து மயூரதி
முதியோர் இல்லத்தில் படுக்கை மாற்றும் இடைவெளிகளில்
குரல் பதிந்து அனுப்புவாள்.
அவளுக்கு மூச்சு வாங்கும்.
அதுவும் பாடம் என்று நினைத்து
கனகாலம் நானும் அதே இடங்களில்
மூச்சு வாங்கிப் படித்தேன்.

"இஞ்ச சொல்லுகளைப் பெட்டி மாதிரிக் கொழுவி விடுவினம்.
கடைசிப் பெட்டிதான் எஞ்சின்,
முன்னால நிக்கிறதெல்லாம் அதுக்கு அடைமொழி.
பிரிக்கேக்க முதல் கொழுக்கியைக் கழட்டு,
பிறகு அசையை எண்ணு."

எல்லாவற்றிலும் நீளம் நாங்கள் காத்திருக்கும் சொல்:
ஒப்-ஹொல்ஸ்-ரில்-லா-ரெல்-ச.
தங்குவதற்கான அனுமதி.
சிலிப்பர் கட்டைக்கு ஓர் அசையாக மிதித்துப் பார்த்தேன்.
ஏழாவது கட்டையில் கால் வைக்கச் சொல் இல்லை.

அதன் நடுவே ஓர் எஸ் நிற்கிறது.
தங்குவதிலும் அது இல்லை, அனுமதியிலும் இல்லை,
தனியே பொருளும் கிடையாது.
பிரித்தால் எந்தப் பக்கம் போகும் என்று கேட்டேன்.
முன்சொல்லோடு, என்றாள், யோசிக்காமல்.
மாவும் குளமும் சந்திக்கும் இடத்தில்
எங்கிருந்தோ ஒரு ங் வந்து நிற்கிறதே,
முப்பது வருடமாய் இந்த ஊர்ப் பெயரை எழுதுகிறவன்
அன்றுதான் அதைப் பார்த்தேன்.
அதற்கும் என்னைப் போல
தற்காலிக நியமனமாய்த்தான் இருக்கும்.

இடம் விட்டு எழுதாதே என்பது அவளுடைய பெரிய சட்டம்.
லம்மலோர், சேர்த்தால் ஆட்டுக்குட்டித் தொடை,
ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு.
லம்ம லோர், இடம் விட்டால்
வழங்காத தொடைகள்.
சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொண்டு வந்தவள்
என் இடது காலை நினைத்திருப்பாள்.
மிச்சம் பன்னிரண்டு விநாடியும்
யாரோ ஒரு கிழவரின் இருமல்.
ஆட்டுத்தொடை கிளிநொச்சிச் சந்தையில் என்ன விலை என்று
பதில் போட்டேன்,
சேர்த்தே எழுதி.

நேற்று வந்தது நற்றோக். இரவு றெயில்.
இரவுக்கு நற், கடைசியில் இரண்டு ரீ.
றெயிலுக்கு ரோக், தொடக்கத்தில் ஒரு ரீ.
கூட்டினால் மூன்று.
எழுதுவது இரண்டுதான்.
மற்றது எங்கே?
"நெருக்கத்தில விழுந்திட்டுது."

கெடுதல் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன்.
வேரோடு சேர வரும் மரம்
தன் மகர ஒற்றை விட்டுவிட்டு வரும்.
நாங்கள் சேர்ந்திருந்தது ஆறு கிழமை.
என்ன விழுந்தது என்று
அப்போது எண்ணிப் பார்க்கவில்லை.

ஆனால் வரியின் முடிவில் இடம் போதாமல்
அந்தச் சொல்லை உடைக்க நேர்ந்தால்
விழுந்த ரீயைத் திரும்ப எழுதவேண்டுமாம்.
இரவு இந்த வரியில், முழுதாக.
ஒரு சிறு கோடு.
றெயில் அடுத்த வரியில், அதுவும் முழுதாக.
விதி, என்றாள்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு நாற்பதுக்குத் தடியை இறக்கினேன்.
மீன்பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்றது,
ஐஸ் உருகித் தாரில் சொட்டியது.
தபால் றெயில் தெற்கே போனது. பெட்டிகளை எண்ணினேன், பழக்கம்.
பிறகு கொப்பியைத் திருப்பி
வேண்டுமென்றே ஓரம்வரை எழுதிக்கொண்டு போய்
இடம் போதாமல் செய்து
அந்தச் சொல்லை உடைத்தேன்.
கோட்டையும் போட்டாயிற்று.

அடுத்த வரி ரீயில் தொடங்கவேண்டும்.
மீன்காரர் ஹோர்ன் அடிக்கிறார்,
தடியைத் தூக்கட்டாம்.